மன்னிப்பின் நிச்சயமும் மதிப்பெண் பட்டியலும்



இவ்வலைப்பூவில் பெரும்பாலும் இலக்கணம், கட்டுரைப் பயிற்சி, பாடநூல் ஆகியவற்றைப் பற்றியே எழுதி வருகிறேன். இன்று எழுதப்போவது சமயம் சார்ந்தது. குறிப்பாக, ஞாயிறுதோறும் பிள்ளைகளை ஆலயத்திற்கு அழைத்துச் செல்லும் கிறிஸ்தவப் பெற்றோரையும், ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தும் நண்பர்களையும் நோக்கி எழுதுகிறேன். பிற சமயத்து அன்பர்களும் படிக்கலாம்; இதில் எவரையும் இழித்துரைக்கும் நோக்கமில்லை. வாதம் எங்கள் வீட்டுக்குள் நடப்பது.

விடுமுறை முகாம்களிலும் எழுப்புதல் கூட்டங்களிலும் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது. "இன்றிரவு நீ இறந்துபோனால் எங்கே போவாய்? உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்று உனக்கு நிச்சயம் உண்டா?" விளக்குகள் மங்கும். இசை மெல்ல ஒலிக்கும். நிச்சயம் இல்லாதவர்கள் கைகளை உயர்த்துமாறு சொல்வார்கள். சென்ற ஆண்டு கையுயர்த்திய அதே பிள்ளை இவ்வாண்டும் உயர்த்தும். அடுத்த ஆண்டும் உயர்த்தும். எத்தனை கைகள் உயர்ந்தன என்பதை ஊழியத்தின் வெற்றியாக அறிவிப்பார்கள்.

இந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்பதை நிறுத்துங்கள் என்பதே என் வேண்டுகோள். பாவமும் மன்னிப்பும் முக்கியமல்ல என்பதற்காக இப்படிச் சொல்லவில்லை. அவை மிக முக்கியமானவை என்பதால்தான் சொல்கிறேன்.

கேள்வியில் உள்ள கோளாறு

மொழியாசிரியர் என்ற முறையில் அக்கேள்வியின் அமைப்பை முதலில் பார்க்கிறேன். "மன்னிக்கப்பட்டன" என்பதில் மன்னிப்பவர் கடவுள். "உனக்கு நிச்சயம் உண்டா" என்பதிலோ சோதனைக்கு உள்ளாவது பிள்ளையின் மனம். கடவுள் செய்ததைப் பற்றிக் கேட்பதுபோலத் தொடங்கி, பிள்ளை உணர்வதைப் பற்றிக் கேட்டு முடிகிறது. விடை தேடும் சிறுவன் எங்கே பார்ப்பான்? தன் நெஞ்சுக்குள் பார்ப்பான். அங்கே அவனுக்குக் கிடைப்பது என்ன? நேற்றுத் தம்பியை அடித்தது, அம்மாவிடம் பொய் சொன்னது, ஜெபிக்கும்போது தூங்கியது. "நிச்சயம் இல்லை" என்று அவன் கூறுவது நேர்மையான விடை. அந்த நேர்மையைக் குற்றத்தின் அடையாளமாக மாற்றுகிறோம்.

கிறிஸ்தவ நம்பிக்கையில் மன்னிப்பின் நிச்சயம் என்பது மன்னிப்பவரின் வாக்கைச் சார்ந்தது. யோவானின் முதல் நிருபம், நாம் பாவங்களை அறிக்கையிட்டால் கடவுள் மன்னிப்பார் என்று கூறும் இடத்தில் (1:9) அதற்குக் காரணமாகக் காட்டுவது அவருடைய உண்மையையும் நீதியையும்தான். அறிக்கையிடுபவனின் கண்ணீரின் அளவு அங்கே பேசப்படவில்லை. மன்னிப்பு ஐயத்திற்குரியதானால், ஐயப்படவேண்டியது அவருடைய வாக்கை. பத்து வயதுப் பிள்ளையின் நெஞ்சை அன்று.

மதிப்பெண் நாட்டின் பிள்ளைகள்

இந்தக் கோளாறு எங்கும் உண்டு. ஆனால் சிங்கப்பூரில் அதற்கு உரமான மண் கிடைக்கிறது. நம் பிள்ளைகள் அளக்கப்படுவதற்குப் பழகியவர்கள். 2021ஆம் ஆண்டு முதல் பி.எஸ்.எல்.இ. தேர்வில் பழைய டி-ஸ்கோர் முறை நீக்கப்பட்டது. இப்போது பாடத்துக்கு 1 முதல் 8 வரை அடைவுநிலைகள். நான்கு பாடங்களையும் கூட்டினால் மிகச் சிறந்தது 4, கடைசி 32. பிள்ளைகளின் சுமையைக் குறைக்கும் நல்ல நோக்கத்துடன் வந்த மாற்றம் அது. ஆயினும் வீட்டில் நாம் கேட்கும் கேள்வி மாறவில்லை: "எவ்வளவு?"

இப்படி வளரும் பிள்ளையிடம் மன்னிப்பைப் பற்றிப் பேசினால், அவன் அதையும் தேர்வு முடிவாகத்தான் புரிந்துகொள்வான். எவ்வளவு அழுதால் போதும்? எத்தனை முறை கேட்டால் தேறலாம்? இந்த மனக்கணக்கைத் திருத்தவேண்டிய இடம் ஆலயம். அங்கும் அதே கணக்கையே நாம் கற்பிக்கிறோமானால், அவன் ஓய்ந்து அமர வேறு இடம் ஏது?

இன்னொன்றையும் கூறவேண்டும். நல்ல முடிவு வந்தால் ஆண்டவரின் ஆசீர்வாதம் என்று சாட்சி சொல்கிறோம். நன்றி கூறுவது நல்லது. ஆனால் பக்கத்து இருக்கையில், எதிர்பார்த்த பள்ளி கிடைக்காத பிள்ளையும் அமர்ந்திருக்கிறாள். அவள் என்ன முடிவுக்கு வருவாள்? சிலர் அதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்கள்: "வீட்டில் அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது." நோய் வந்தாலும் இதே பேச்சு, வேலை போனாலும் இதே பேச்சு.

இப்பேச்சுக்கு வேதத்தில் இடமில்லை. யோவான் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில் பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்பதே இயேசுவின் மறுமொழி. லூக்கா பதின்மூன்றாம் அதிகாரத்தில் சீலோவாம் கோபுரம் சரிந்து 18 பேர் இறந்ததைச் சுட்டி, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரும் பாவிகள் அல்லர் என்கிறார். துன்பத்தைக் கொண்டு மன்னிப்பை அளக்கும் கணக்கை இயேசு இரண்டு முறை தள்ளியிருக்கிறார். நாம் ஏன் மூன்றாம் முறை அதைக் கொண்டுவருகிறோம்?

முன்னோரின் போராட்டம்

"நிச்சயம் இல்லாதவன் கிறிஸ்தவனே அல்லன்" என்று மேடையில் முழங்குவோர், திருச்சபை வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்க்கவேண்டும்.

ஜெர்மனியில் துறவியாக இருந்த மார்ட்டின் லூத்தர் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்தும் அமைதி காணாதவர். தம் உள்ளத்தைத் தோண்டியதில் அவருக்குக் கிடைத்தது மேலும் அச்சமே. வெளியிலிருந்து வந்த வாக்கைப் பற்றிக்கொண்டபோதுதான் அவருக்கு ஆறுதல் கிட்டியது. கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்து பொதுச்சங்கம் 1547இல், தான் அருளைப் பெற்றுவிட்டதாக எவரும் விசுவாசத்துக்குரிய பிழைபடா உறுதியுடன் அறிய இயலாது என்று கூறியது. மன்னிப்பு இல்லை என்பது இதன் பொருளன்று. கடவுளின் இரக்கத்தை ஐயுறலாகாது, தன் பலவீனத்தை நோக்கினால் அச்சம் எழக்கூடும் என்பதே அதன் கருத்து. இவ்விரு தரப்பினரும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கையெழுத்திட்ட கூட்டு அறிக்கையில் இந்த நிச்சயத்துக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. தன்னை நோக்காமல் கிறிஸ்துவின் வாக்கை நோக்குவதில் இரு தரப்பும் அங்கே ஒன்றுபடுகின்றன. 2006இல் மெதடிஸ்ட் திருச்சபைகளும் அதில் இணைந்தன.

மெதடிஸ்டுகளைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. 1885இல் சிங்கப்பூரில் அத்திருச்சபையின் பணியைத் தொடங்கிய வில்லியம் ஓல்டம் 1854இல் பெங்களூரில் பிறந்தவர். ஷார்ட் ஸ்திரீட்டிலுள்ள தமிழ் மெதடிஸ்ட் ஆலயம் அம்மரபின் கிளை. அம்மரபின் மூலவரான ஜான் வெஸ்லி 1738 மே 24 அன்று லண்டன் நகரில், லூத்தர் எழுதிய முன்னுரை ஒன்று வாசிக்கப்படக் கேட்டுத் தம் பாவங்கள் நீங்கின என்ற உறுதியைப் பெற்றார். இந்தக் கதையை மேடைகளில் அடிக்கடி சொல்வார்கள். அடுத்து நடந்ததைச் சொல்வதில்லை. எட்டு மாதங்கள் நிறைவதற்குள், 1739 ஜனவரியில், தாம் இன்னும் கிறிஸ்தவர் அல்லர் என்று தம் நாட்குறிப்பில் அவரே எழுதினார்! முதுமையில், இந்த உறுதி இன்னும் வாய்க்காதவரையும் கடவுள் ஏற்றுக்கொள்கிறார் என்னும் கருத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். பிரஸ்பிட்டேரியன் மரபின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும், உண்மையான விசுவாசி ஒருவர் இந்த நிச்சயத்துக்காக நெடுங்காலம் காத்திருக்க நேரிடலாம் என்று ஒப்புக்கொள்கிறது.

மன்னிப்பு ஒன்று, அதைப் பற்றிய மனவுறுதி மற்றொன்று. முதலாவது மாறாமல் நிற்கையில் இரண்டாவது ஏறும், இறங்கும். இவ்வளவு பெரியவர்களுக்கே இறங்கியது என்றால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் எந்த நியாயத்தில் கை உயர்த்தச் சொல்கிறோம்?

ஒரு தமிழாசிரியர் காட்டிய சுமை

நம் தமிழில் இதற்கு அழகான சான்று உண்டு. எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1827இல் நெல்லைச் சீமையில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றியவர். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ஆங்கிலத்தில் ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட பயணக் கதையைத் தழுவி அவர் இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் வெளிவந்தது.

பனியனே மன்னிப்பின் நிச்சயத்துக்காக ஆண்டுக்கணக்கில் தவித்தவர். அத்தவிப்பை 1666இல் தனி நூலாகவே எழுதினார். அவர் கதையில் பயணி முதுகில் ஒரு சுமையோடு வருகிறான். அதை அவன் தானே அவிழ்ப்பதில்லை. சிலுவையின் முன் நின்றபோது அது தானாகக் கழன்று விழுகிறது. பிறகு அவன் பாவங்கள் மன்னிக்கப்பட்டதாக ஒளிமிக்க ஒருவர் வந்து அறிவிக்கிறார். முத்திரையிட்ட ஒரு சுருளும் அவன் கையில் தரப்படுகிறது. மலைமேல் ஏறும் வழியில் அவன் உறங்கிவிட, சுருள் கைநழுவிப் போகிறது. கலங்கி, திரும்பி வந்து தேடி எடுக்கிறான். பெற்றோர் இங்கே ஊன்றிக் கவனிக்கவேண்டும்: சுருள் தொலைந்தபோது சுமை மீண்டும் அவன் முதுகில் ஏறவில்லை. நிச்சயம் தொலைந்தது, மன்னிப்பு தொலையவில்லை. சுருளைத் தொலைத்த பிள்ளையைப் பார்த்து "உன் முதுகில் சுமை இருக்கிறது" என்று சொல்வது பொய்.

இந்தச் சிக்கல் தமிழ் மண்ணுக்குப் புதியதும் அன்று. குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியைத் தாய் கவ்விச் செல்லும். இறைவனின் அருளைப் பெறும் வழி எதைப் போன்றது என்று வைணவத்தில் வடகலையாரும் தென்கலையாரும் நூற்றாண்டுக்கணக்கில் வாதிட்டனர். சிராங்கூன் சாலையில் சீனிவாசப் பெருமாள் கோயிலைக் கடந்து செல்லும்போது எனக்கு இந்த உவமைகள் நினைவுக்கு வரும். வேறு சமயம், வேறு கோட்பாடு. இரண்டையும் ஒன்றாக்க நான் முனையவில்லை. ஆனால் பிடியின் வலிமை குட்டியிடம் இருக்கிறதா, தாயிடம் இருக்கிறதா என்ற கேள்வியைத் தமிழர் வெகு காலமாக அறிவர். கிறிஸ்தவர்கள் நற்செய்தி என்று சொல்வது, பிடித்திருப்பவர் அவர் என்பதைத்தான்.

'பொறு' என்னும் சொல்

'பொறு' என்ற நம் சொல்லை எண்ணிப் பாருங்கள். மன்னித்தல் என்பது அதன் ஒரு பொருள். சுமத்தல், தாங்குதல் என்பவை மற்றவை. 'பொறை' என்றால் பொறுமை, பாரமும் அதுவே. திருக்குறளின் பதினாறாம் அதிகாரமாகிய 'பொறையுடைமை', தன்னை வெட்டுபவனுக்கே நிற்க இடம் தரும் மண்ணைச் சுட்டித்தான் தொடங்குகிறது. பொறுப்பவர் சுமப்பவர் என்பதை நம் மொழி ஒரே சொல்லில் அடக்கி வைத்திருக்கிறது.

எபிரேய மொழியிலும் இப்படி ஒரு சொல் உண்டு. 'நாசா' என்ற வினைக்குத் தூக்குதல், சுமத்தல், மன்னித்தல் என்னும் பொருள்கள் உள்ளன. மன்னிக்கப்பட்டவனின் பேற்றைப் பாடும் 32ஆம் சங்கீதத்தின் முதல் அடியில் வருவது அவ்வினை. ஏசாயா 53ஆம் அதிகாரத்தின் இறுதியில், துன்புறும் ஊழியன் பலருடைய பாவத்தைச் சுமந்தான் என்னும் இடத்தில் வருவதும் அவ்வினையே.

நம் ஊர்ச் சாலையோரங்களில் முற்காலத்தில் சுமைதாங்கிக் கற்கள் நிறுத்தப்பட்டிருந்தன. வழிப்போக்கன் தலைச்சுமையை அதன்மேல் இறக்கி வைப்பான். கல் தாங்குமா என்பது கல்லின் உறுதியைப் பொறுத்தது. இறக்கியவனின் மனநிலையைப் பொறுத்ததன்று. இந்த உவமைக்கும் எல்லை உண்டு: அவன் இளைப்பாறியபின் தன் சுமையை மீண்டும் எடுத்துக்கொண்டு நடக்கவேண்டும். மன்னிப்பில் அப்படித் திரும்ப எடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஆண்டுதோறும் முகாமில் அதே பிள்ளையை அதே பாவத்துக்காக அழவைக்கும் நாம், இறக்கி வைத்ததை மறுபடியும் அவன் தலையில் ஏற்றுகிறோம்.

இரண்டு சீடர்கள்

"அழுகை இல்லாமல் மனந்திரும்புதல் உண்டா?" என்று கேட்பார்கள். அழுகை வரலாம், ஆனால் அது மன்னிப்பின் சான்று ஆகாது. யூதாசை நினைத்துப் பாருங்கள். அவன் வருந்தினான். குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்ததாக ஒப்புக்கொண்டான். முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான். வருத்தம், அறிக்கை, ஈடு ஆகிய மூன்றும் அவனிடம் இருந்தன. அவன் சென்றது ஆலயத்துக்கு. பேசியது தலைமை ஆசாரியர்களிடம். பாவ நிவாரணத்தை அறிவிக்கும் பொறுப்பில் இருந்தவர்கள், அது எங்களுக்கென்ன, உன் பாடு என்று கூறி அவனை அனுப்பினார்கள். அவன் முடிவை நாம் அறிவோம்.

பேதுருவும் அழுதான். அவன் அழுகை யூதாசின் துயரத்தைவிட ஆழமானது என்று வேதம் கூறவில்லை. கரையில் கரிநெருப்பு மூட்டி அவனுக்காகக் காத்திருந்தார் ஒருவர். மூன்று முறை மறுதலித்தவனிடம் மூன்று முறை அன்பைக் கேட்டு, ஆட்டுமந்தையையே ஒப்படைத்தார். வெளியிலிருந்து ஒரு குரல் அவனைத் தேடி வந்தது.

ஓஃபிர் சாலையில் 1888 முதல் நிற்கும் லூர்து அன்னை ஆலயத்தில் குருவானவர் பாவமன்னிப்பு உரைப்பதும், ஆங்கிலிக்கன், லூத்தரன் வழிபாடுகளில் பொது அறிக்கைக்குப்பின் ஆயர் மன்னிப்பை அறிவிப்பதும் இதற்காகவே. முறைகள் வேறு, அவற்றைப் பற்றிய இறையியல் கருத்தும் வேறு. ஆயினும் எவரும் தமக்குத் தாமே மன்னிப்புக் கூறிக்கொள்வதில்லை. பிள்ளை கேட்கவேண்டிய வாக்கியத்தை உரைக்கும் கடமை நம்முடையது. அதை உரைக்காமல், "உனக்கு நிச்சயம் உண்டா?" என்று அவனிடமே திருப்பிக் கேட்பது, "உன் பாடு" என்று சொன்னவர்களின் வரிசையில் நம்மைச் சேர்க்கிறது. கடுமையான சொல்தான். ஆனால் சொல்லியாகவேண்டும்.

"துணிந்து பாவம் செய்வார்களே?"

இது வழக்கமான மறுப்பு. மன்னிப்பு உறுதி என்று சொல்லிவிட்டால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்கிறார்கள். பவுலிடமே இதைக் கேட்டிருக்கிறார்கள். ரோமர் நிருபத்தின் ஆறாம் அதிகாரம் அதற்கான விடை. நான் ஆசிரியர் அனுபவத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். அச்சத்தால் அடங்கும் மாணவன் தவறு செய்யாமல் இருப்பதில்லை. தவற்றை மறைக்கக் கற்றுக்கொள்கிறான். பிழையுள்ள தாளைக் கிழித்து எறிபவன், "காட்டு, திருத்தலாம்" என்று சொல்லும் ஆசிரியரைக் காணாதவன். மன்னிப்பு உண்டு என்று அறிந்தவனே உண்மையை வாய்விட்டுச் சொல்வான்.

ஆனால் இம்மறுப்பில் ஒரு நியாயமும் உண்டு, அதை மறைக்கமாட்டேன். "ஆண்டவர் என்னை மன்னித்துவிட்டார்" என்று கூறி, தாம் ஏமாற்றியவரின் முகத்தைக்கூடப் பாராத பெரியவர்கள் இருக்கிறார்கள். வீட்டு வேலைக்கு வந்த பெண்ணின் ஓய்வு நாளைப் பறித்துவிட்டு, ஞாயிறன்று கைகளை உயர்த்தித் துதிப்பவர்கள் இருக்கிறார்கள். இது மன்னிப்பின் நிச்சயம் அன்று. மன்னிப்பைக் கொண்டு கடனை மறைப்பது. மலைப்பிரசங்கம், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் சென்று ஒப்புரவாகச் சொல்கிறது. சகேயு அநியாயமாக வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தான். அவன் வீட்டுக்கு இயேசு வந்தது அதற்கு முன்பா, பின்பா என்று பாருங்கள். முன்பு. ஏற்றுக்கொள்ளப்பட்டதால் கொடுத்தான், கொடுத்து ஏற்பை வாங்கவில்லை. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பிள்ளைகளிடம் அச்சம் வளரும். பின்பாதியை வெட்டிவிட்டால் பெரியவர்களிடம் அயோக்கியத்தனம் வளரும்.

என்ன செய்யலாம்?

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் நான்கு வேண்டுகோள்கள்.

1. மரணத்தைக் காட்டிப் பிள்ளையிடம் நிச்சயத்தைக் கேட்காதீர்கள். வாக்கை எடுத்துச் சொல்லுங்கள்: "நீ ஒப்புக்கொண்டாய், அவர் பொறுத்துக்கொண்டார்." முடிந்த வினைமுற்றில் சொல்லுங்கள்.

2. ஒப்புக்கொண்டு முடிந்த தவற்றை மறுவாரம் எடுத்துப் பேசாதீர்கள். "போன மாதமும் இப்படித்தான்" என்னும் வாக்கியத்தை வீட்டில் விலக்குங்கள்.

3. நோய், தோல்வி, மதிப்பெண் ஆகியவற்றைப் பாவத்தின் விலையாகப் பேசுபவர் எவராயினும், பிள்ளையின் முன்னிலையிலேயே பணிவோடு மறுத்துரையுங்கள். பிள்ளை அதைக் கேட்கவேண்டும்.

4. நீங்கள் பிள்ளைக்குத் தவறிழைத்தால், பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள். எப்படிக் கேட்பது, எப்படி ஈடு செய்வது என்பதை அவன் வேறு எங்கும் கற்கமாட்டான்.

நவம்பரில் தேர்வு முடிவுகள் வரும். கையில் தாளோடு பிள்ளை வீட்டுக்கு வருவான். எண்ணைக் கேட்பதற்கு முன் அவனை உள்ளே அழைத்துச் சோறு போடுங்கள். தூரத்தில் வரும்போதே மகனைக் கண்டு ஓடிய தந்தையின் கதையை ஞாயிறு பள்ளியில் எத்தனையோ முறை படம் காட்டிச் சொல்லியிருக்கிறோம். அந்தத் தந்தை, மகன் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சை முழுவதும் கேட்டு முடிக்கவில்லை. அதற்குள் விருந்துக்குக் கட்டளையிட்டுவிட்டார்.

கருத்து வேறுபாடு உடையோர் எழுதலாம். கண்ணியத்தோடு விவாதிப்போம்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியர்